சமைக்க வராத குடும்பம்

அறுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் வாலிபர் வட்டம் நடத்தவிருந்த குடும்ப முகாமின் நிகழ்ச்சிகளுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள். அங்கத்தவர்கள் அவரவர் குடும்பத்தோடு வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். விளையாடுவார்கள், பாடுவார்கள், ஆற்றங்கரையில் நடப்பார்கள். எதை எப்போது செய்வது என்று யோசித்து ஒழுங்குபண்ணுவது என் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் என் உடம்பு எரிகிறது.

நான் அப்போது இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. அதே தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாலிபர் வட்டம் கூடும். ஆசிரியர்கள், தபாற்கந்தோர்க்காரர்கள், வங்கி எழுத்தர்கள், கடை முதலாளிமாரின் பிள்ளைகள் வருவார்கள். லயத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான்.

என்னைச் சேர்த்தது தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்டர். ஆசிரியர்கள் கூடிய ஓர் இடத்தில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "ரீச்சர், நீர் நல்லாக் கதைக்கிறீர். எங்கட வட்டத்துக்கு வாரும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும்.

முகாம் என்ற யோசனை அவருடையது. எந்தத் தேசத்திலோ குடும்பம் குடும்பமாகக் கூடாரத்தில் தங்கி எளிமையாக வாழ்ந்து பார்க்கிறார்கள் என்று ஒரு சஞ்சிகையில் படித்திருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சாரணர் படையிடம் கூடாரங்கள் இருந்தன. இடம் பிடித்துத் தந்தவர் செயலாளர். டவுனில் பெரிய புடவைக் கடைக்காரரின் மகன். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவருக்குக் கூட்டாளி. கிளாக்கர் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசி, ஆற்றுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

எளிமையாக வாழ்ந்து பார்ப்பது என்று மாஸ்டர் சொன்ன அன்றே எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. எங்கள் காம்பராவில் அடுப்புப் புகை போவதற்குக் கூட வழியில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு, எங்கள் மைதானத்துக்கு, இவ்வளவு பேர் வரப்போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக்குப் போய்விடுவேன். எந்த மூலையில் அட்டை அதிகம், எங்கே தரை சறுக்கும், ஆற்றில் எந்த இடத்தில் குழந்தைகள் கால் நனைக்கலாம் என்று நடந்து நடந்து பார்த்தேன். பெற்றோரின் கண்ணைக் கட்டிவிட்டு, குரலை மட்டும் கேட்டு அவரவர் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு விளையாட்டை யோசித்தேன். ஆண்கள் ரொட்டி சுடும் போட்டி ஒன்று. ஆற்றங்கரைக் கூழாங்கற்களில் வீடு கட்டுவது ஒன்று. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சாயங்கால நிகழ்ச்சி. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பமும் தாங்கள் இந்த மலைக்கு எப்படி வந்தோம் என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் ரயிலில் வந்தார். செயலாளரின் தாத்தா துணி மூட்டையோடு வந்தார். என் அப்பாவின் அப்பா இந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தார். அதை அப்பா நன்றாகச் சொல்வார். வழியில் செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரலை இறக்கமாட்டார், சாதாரணமாகச் சொல்வார். எல்லாரும் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "நம்மளையுமா கூப்பிட்டிருக்காங்க?" என்றார்.

"குடும்ப முகாம்ப்பா. நான் மெம்பரு. நீங்க என் குடும்பம்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "சனிக்கிழமை மலைக்குப் போகணுமே. அன்னிக்கி பேரு போயிருமே." வேலைக்குப் போகாவிட்டால் அன்றையப் பேர் விழாது, கூலியும் இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "போனா போகட்டும். நான் எந்த வெளையாட்டுல சேர்றது?" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு என் திட்டத்தைக் கொண்டுபோனேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். கண் கட்டும் விளையாட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். ரொட்டிப் போட்டிக்குச் சிரித்தார்கள். சாயங்கால நிகழ்ச்சிக்கு வந்ததும் செயலாளர் முகத்தைச் சுளித்தார்.

"டீச்சர், சந்தோஷமா இருக்கத்தான போறோம்? அழுகைக் கதையெல்லாம் எதுக்கு? அதுக்குப் பதிலா பாட்டுப் போட்டி வைப்போம்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சரி, பாட்டுப் போட்டி. அதை விழுங்கிக்கொண்டேன்.

பிறகு கூடாரங்களைப் பங்கிட்டார்கள். இந்தக் கூடாரம் இன்ன குடும்பத்துக்கு என்று செயலாளர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் குடும்பத்தின் முறை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எங்களுக்கு எது?" என்று கேட்டேன்.

மாஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார். "உங்கட லயம் கிட்டத்தானே, பிள்ளை. அவைக்கு என்னத்துக்குக் கூடாரம்? வீட்டில போய்ப் படுக்கலாம்தானே."

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"சமையலுக்கும் தண்ணிக்கும் பிரச்சினை இல்ல. டீச்சரோட அம்மா அப்பா வர்றாங்க. லயத்துல இன்னும் ரெண்டு மூணு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்கன்னா அடுப்படிய பார்த்துக்குவாங்க. நம்ம லேடீஸெல்லாம் ஃப்ரீயா விளையாடலாம்."

நம்ம லேடீஸ். அந்த வார்த்தை மேசைமேல் விழுந்து கிடந்தது. அதற்குள் நானும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"எங்க அம்மா விளையாட வர்றாங்க. சமைக்க வரல."

"சமைச்சிட்டு விளையாடட்டுமே. யாரு வேணாங்கிறா?"

"மத்த அம்மாமாரெல்லாம் சமைச்சிட்டு விளையாடுவாங்களா?"

"அவங்கெல்லாம் டவுன்ல இருந்து வர்றாங்க டீச்சர். வெறகு அடுப்பு பழக்கமில்ல."

மாஸ்டர் கையை உயர்த்தினார். "கோவியாதையும், பிள்ளை. ஒருத்தரும் குறைவா நினைச்சுச் சொல்லேல்ல. உங்கட ஆக்களுக்கும் இது ஒரு மாற்றமா இருக்கும்தானே. நாலு நல்ல மனிசரோட பழகலாம்."

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. செயலாளர் என் நிகழ்ச்சிகளோடு தன்னுடையதையும் சேர்த்தார். பெண்களுக்குக் கொழுந்து எடுக்கும் போட்டி. கூடை கட்டிக்கொண்டு மைதானத்துக்கு அடுத்த தேயிலையில் இறங்க வேண்டும். அதிகம் எடுப்பவருக்குப் பரிசு. போட்டோக்காரரையும் கூட்டி வருவாராம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதைச் சேர்க்க முடியாது என்றேன். பொறுப்பு என்னுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம். எங்கள் வீட்டார் சமைக்கவும் மாட்டார்கள் என்று திரும்பவும் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக்கு எழுந்தார்கள். இளம் பெண்ணின் கோபம், வீட்டுக்குப் போனால் அடங்கிவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

அடங்கவில்லை. பஸ்ஸில் ஓர் ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அவர்களுக்காக அழக்கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், எனக்கு மறைக்க வரவில்லை.

அப்பா தலையைச் சொறிந்தார். "பெரிய ஆளுங்க. கிளாக்கரய்யா வேற இதுல இருக்காரு. போயி ஒத்தாசை பண்ணிட்டு வந்தா நமக்கு என்னா கொறைஞ்சு போகும்?"

"நீங்க போயி பண்ணுங்க" என்றாள் அம்மா. "வெறகு வெட்டுங்க, தண்ணி தூக்குங்க. நான் மாட்டேன்."

"ஏம்புள்ள, சமையல் உனக்குப் புதுசா?"

"புதுசில்ல. அதான் மாட்டேங்கிறேன். வாரத்துல ஆறு நாளு மலையில நிக்கிறேன். ஏழாவது நாளு இந்த அடுப்புல நிக்கிறேன். விருந்துன்னு கூப்பிட்டாங்கல்ல? விருந்தாளியா வர்றேன். இல்லன்னா வரல." என்னைப் பார்த்து, "அதை அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"அப்ப சரி. பெறகு என்னா?"

முகாமைவிட்டு விலகிவிடலாமா என்று நான் யோசித்ததுண்டு. அதைத்தான் அவர்கள் விரும்புவார்கள் என்று தோன்றியதும் அந்த யோசனையை விட்டேன். என் நிகழ்ச்சிகள், எங்கள் மைதானம். நான் ஏன் விலக வேண்டும்?

முகாம் தொடங்கிய சனிக்கிழமை, மார்ச் மாதத்து வெயில் நாள். புடவைக் கடை லொறியில் ஆட்களும் கூடாரங்களும் அரிசி, காய்கறியும் வந்து இறங்கின. குழந்தைகள் புல்லில் உருண்டார்கள். நான் கயிறு கட்டுவது, கோடு போடுவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கல் மூன்றைப் போட்டுவிட்டு, பெரிய சட்டிகளை அவற்றின் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுச் செயலாளர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், ஆளுங்க எங்க?"

"வருவாங்க. பத்து மணிக்கு. மத்த குடும்பம் மாதிரி."

சொன்னபடி வந்தார்கள். அப்பா கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தார். அம்மா கல்யாண வீடுகளுக்குக் கட்டும் ஊதாச் சேலையில், தலைக்குப் பூ வைத்து வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. எதிர் மலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் அங்கிருந்து கூவினார்கள். அம்மா திரும்பிப் பார்க்காமல், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக, விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தாள்.

செயலாளர் கிளாக்கரிடம் ஆள் கேட்டிருக்கிறார். கிளாக்கர், அதுதான் டீச்சரின் அம்மா இருக்கிறாரே என்று விட்டுவிட்டிருக்கிறார். ஆகவே சமைக்க ஒருவரும் இல்லை. டவுன் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் என் அம்மாவையும் பார்த்தார்கள். அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாஸ்டரின் மனைவி எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நேற்று முழுக்க இவைக்கெண்டு பலகாரம் சுட்டனான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "இனி என்னால ஏலாது. ஆம்பிளையள் செய்யட்டும்."

நான் உடனே ஊதலை எடுத்து ஊதினேன். ஆண்கள் ரொட்டி சுடும் போட்டி இப்போது சோறு ஆக்கும் போட்டியாக மாறுகிறது என்று அறிவித்தேன். சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடுப்பு மூட்டினார். அப்பா பொறுக்கமாட்டாமல் போய் விறகைப் பிளந்து கொடுத்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கோடரியை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

சோறு வேகும்வரை கண் கட்டும் விளையாட்டு. நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. வங்கி எழுத்தர் வேறு யார் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு சுற்றினார். அம்மாவுக்குக் கண்ணைக் கட்டியபோது, பெரியவளாக இருந்தாலும் நானும் வரிசையில் நின்று மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து "அம்மா, அம்மா" என்று கத்தினேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்து என் காதைப் பிடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் என் கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. இப்படியே போகும் என்று நம்பினேன்.

அரைவேக்காட்டுச் சோற்றை மாலை ஆகும் நேரத்தில் சாப்பிட்டோம். கை கழுவிக்கொண்டு வந்து பார்க்கிறேன், செயலாளர் லொறியிலிருந்து கூடைகளை இறக்குகிறார். கிளாக்கரிடம் சொல்லி எடுத்து வைத்திருந்த கூடைகள். போட்டோக்காரர் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"இது நிகழ்ச்சியில இல்லையே" என்றேன்.

"சும்மா ஒரு தமாஷ் டீச்சர். லேடீஸ் ஆசைப்படுறாங்க."

ஆசைப்பட்டார்கள்தான். பட்டுச் சேலையின் மேல், கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி முதுகைக் கூனிக்கொண்டு, "துரை, பேரு போடுங்க துரை" என்று குரலை இழுத்துச் சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது. எதிர் மலையில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அங்கிருந்து கூவல் எதுவும் வரவில்லை.

செயலாளர் அம்மாவிடம் வந்தார். மரியாதையாகத்தான் குனிந்து சொன்னார். "அம்மா, நீங்க சும்மா பக்கத்துல வந்து நில்லுங்க. எப்பிடி கிள்ளணும்னு காட்டுற மாதிரி. ஒரே ஒரு படம்."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே போய்விட்டேன். ஊதலை எவ்வளவு பலமாக ஊத முடியுமோ அவ்வளவு பலமாக ஊதினேன். சிரிப்பு நின்றது.

"விளையாட்டுன்னா விதி வேணும்" என்றேன். "நிகழ்ச்சிக்குப் பொறுப்பு நான். விதிய நான் சொல்றேன், கேளுங்க. மழை வந்தாலும் மலைய விட்டுப் போகக்கூடாது. காலுல அட்டை ஏறுனா ஏறட்டும், நிக்கக்கூடாது. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. பின்னாடி ஒரு ஆள் நின்னு ஏசிக்கிட்டே இருப்பாரு. கேட்டுக்கிட்டே கிள்ளணும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. ஏன்னு கேட்கக்கூடாது. சொன்ன எடை வரலன்னா அரைப்பேரு. அரைப்பேருன்னா அரைக் கூலி. உங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு பாதி. இது ஒரு நாள் தமாஷ் இல்ல. அறுபது வயசு வரைக்கும் தெனமும் விளையாடணும். யாரு முதல்ல எறங்குறீங்க?"

ஒருவரும் இறங்கவில்லை. குரலை இழுத்துப் பேசிய பெண் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தாள். கூடைகள் ஒவ்வொன்றாகப் புல்லில் வந்து இறங்கின. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துச் செயலாளரைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், விருந்தாளிங்களை இப்பிடி அவமானப்படுத்திட்டீங்க" என்றார் செயலாளர். முகம் சிவந்திருந்தது.

"விருந்தாளியா எங்க அம்மாவும்தான் வந்திருக்காங்க" என்றேன். "நீங்க யாரைச் சொல்றீங்க?"

மாஸ்டர் எங்கள் இருவருக்கும் இடையில் வந்து நின்றார். "விடுங்கோ, விடுங்கோ. எல்லாரும் ஆத்தங்கரைக்குப் போவம்" என்றார். போனார்கள். மாஸ்டரின் மனைவி மட்டும் நின்று என்னைப் பார்த்தார். பிறகு அவரும் போனார்.

நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பாதி வழியில் நின்று என்னைத் திருப்பினாள்.

"நீ ஏன் முந்திக்கிட்ட?"

"அந்த ஆளு உங்களப் பார்த்து..."

"என்னைத்தான கேட்டாரு? என் வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? முடியாதுய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். என் அரைப்பேரு, என் அட்டை, நான் வாங்குன ஏச்சு எல்லாத்தையும் எதுக்கு அவங்க முன்னாடி எடுத்து விரிச்ச? அது என்னோடது."

அப்பா, "சரி விடு, புள்ள வேகத்துல பேசிட்டா" என்றார். அம்மா விடவில்லை. வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் பேசியதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. இரண்டும் சேர்ந்தே எனக்குள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. பாட்டுப் போட்டியின் சத்தம் லயம்வரை கேட்டது.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஆட்களை மலைகளுக்குப் பிரித்தபோது, அம்மாவை மட்டும் அவள் கூட்டத்திலிருந்து தனியே எடுத்து உச்சி மலைக்கு அனுப்பினார். தோட்டத்தின் எல்லையில் இருக்கும் மலை. ஏறுவதற்கே மூச்சு வாங்கும். தேயிலையும் மோசம், கூடை நிறையாது. அங்கே பெரும்பாலும் தண்டனைக்குத்தான் அனுப்புவார்கள். அம்மா ஏன் என்று கேட்டாள். "மேல இருந்து உத்தரவு" என்றாராம். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. என் தலைமை ஆசிரியரும் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்து அனுமதியில் நடக்கும் பள்ளிக்கூடம் இது, கொஞ்சம் பார்த்துப் பேசும்படி சொன்னார்.

நான் பேசியபோது மைதானத்தில் கிளாக்கர் இல்லை. துரையும் இல்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்பா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அதற்குமுன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. நான் போனேன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். செயலாளர் முகாமைப் பற்றிப் பேசினார். சிறப்பாக நடந்தது என்றார். துரைக்கு நன்றி, கிளாக்கருக்கு நன்றி, லொறி ஓட்டியவருக்கு நன்றி. வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன். "எங்க அம்மாவ உச்சி மலைக்கு மாத்திட்டாங்க. கிளாக்கர்கிட்ட போயி சொன்னது யாரு?"

செயலாளர், "அது தோட்டத்து விஷயம், நமக்கு என்ன சம்பந்தம்" என்றார்.

"யாரு சொன்னதுன்னு தெரியணும்."

கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார். நாற்காலிகள் இழுபட்டன. ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். நான் எழவில்லை. செயலாளரும் போனார். கடைசியில் மாஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பூட்ட வேணும், பிள்ளை."

"பூட்டுங்க சார். நான் உள்ள இருக்கேன்."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான்தான் சொன்னனான்" என்றார். "முறைப்பாடு செய்யப் போகேல்ல. கிளாக்கர் முகாம் எப்பிடி நடந்ததெண்டு கேட்டவர். வேற ஆரும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல முந்தி, நானே நடந்ததைச் சொன்னா நல்லமெண்டு நினைச்சன். உம்மட நன்மைக்குத்தான். இப்பிடிச் செய்வினமெண்டு தெரியாது."

செயலாளர் என்றுதான் நான் முழுக்க நம்பியிருந்தேன். அவராகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க? கிளாக்கர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா லயத்துல என்னா நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போயி திரும்பச் சொல்லுங்க" என்றேன். "எங்க அம்மா ஒரு தப்பும் பண்ணல, ஒரு வார்த்தை கூடப் பேசலன்னு சொல்லுங்க. பேசுனது நானுன்னு சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தோட்டத்துக்கு வந்தார். கிளாக்கர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் இருந்தார். திரும்பும் வழியில் எங்கள் லயத்து வாசலில் நின்றார். அம்மா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அப்பா ஓடிப்போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாஸ்டர் உட்காரவில்லை.

"சொல்லிப்போட்டன், பிள்ளை" என்றார். "பாப்பம் எண்டவர்."

கிளாக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் உச்சி மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கியபோதுதான், அங்கே எடுக்கக் கொழுந்து இல்லையென்று, அம்மா தன் பழைய கூட்டத்துக்குத் திரும்பினாள். மாஸ்டர் பேசியதால் அது நடக்கவில்லை.

ஆனால் அப்பா அப்படித்தான் நம்பினார். "மழையில அவ்வளவு தூரம் நமக்காக நடந்து வந்தாரு. நேர்ல போயி ஒரு நன்றி சொல்லிட்டு வா" என்று பல தடவை சொன்னார். டவுனில் மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். நான் வணக்கம் சொல்வேன். நன்றி சொல்லவில்லை.